நடுவில் நின்ற முள்

திருவனந்தபுரத்தில் வெள்ளைக் கோட்டு தைப்பதற்கு அலைய வேண்டியதில்லை. மெடிக்கல் காலேஜ் பக்கம் போய் எந்தத் தையல் கடையில் நின்றாலும் அளவெடுத்து, மறுநாள் சாயங்காலத்துக்குள் பொத்தான் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் யார், என்ன படித்தீர்கள் என்று கேட்கும் வழக்கம் அங்கே கிடையாது. எங்கள் முதலாளி அனந்தபத்மநாபன் தன்னுடைய இரண்டு கோட்டுகளையும் அங்கேதான் தைத்தார். ஒன்று உடுத்த, ஒன்று துவைக்க.

சர்க்கிள் இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் என்னிடம் கேட்டது இரண்டு வரி. சாட்சி என்ற முறையில் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்றீர்கள். மலையாளத்தில் எழுத எனக்குக் கை ஓடாது என்றதும், தமிழிலேயே எழுதுங்கள், ஸ்டேஷனில் ஓமனா மேடம் மலையாளத்தில் பெயர்த்துக்கொள்வார் என்றீர்கள். அதற்கு நன்றி. ஆனால் இது இரண்டு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை. ஓமனா மேடத்துக்கு வேலை கூடுகிறது, மன்னிக்கவும்.

என் பெயர் ராஜையன். வயது நாற்பத்தெட்டு. ஊர் பாறசாலை. கைமனத்தில் இப்போது ‘ஸ்ரீபத்மம் ஆட்டோ கிளினிக்’ என்று பலகை தொங்குகிற இடத்தில் இருபத்துநான்கு வருஷமாக மெக்கானிக். முன்பு அது வெறும் ஒர்க்‌ஷாப். அனந்தபத்மநாபனின் மாமனார் நடத்தினார். அவர் சட்டையில் எப்போதும் கிரீஸ் அப்பியிருக்கும். அதனால் அவரை யாரும் டாக்டர் என்று கூப்பிட்டதில்லை.

என் தொழில் காது. ஸ்க்ரூடிரைவரின் நுனியை இயந்திரத்தின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்தால் உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். எந்த வால்வு தட்டுகிறது, எந்த சிலிண்டர் சோம்பலாக எரிகிறது, பெட்ரோல் கூடிவிட்டதா, காற்று கூடிவிட்டதா என்று சொல்லிவிடுவேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டுவதற்குக் கார்பரேட்டர் என்ற சின்னக் கிண்ணம் இருந்த காலம் அது. கிண்ணத்தில் இரண்டு திருகு. காதில் கேட்டதற்குத் தக்கபடி கால் திருப்பு, அரைத் திருப்பு. நெய்யாற்றின்கரையிலிருந்தும் ஆற்றிங்கலிலிருந்தும் வண்டி வரும். “ராஜையன் கேட்டாச்சா?” என்றுதான் விசாரிப்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்தில் சட்டம் மாறியது. புகை குறையவேண்டும் என்றார்கள். புதுக் கார்களில் கார்பரேட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது. டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் கம்ப்யூட்டர். அது இயந்திரத்தைப் பார்த்ததில்லை, தொட்டதில்லை, அதன் சத்தம் கேட்டதில்லை. தலைமை ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, போகாத ஊருக்குப் பாலம் கட்ட உத்தரவு போடும் அதிகாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சேதி சொல்ல இயந்திரத்தில் ஏழெட்டு சென்சார்கள். உள்ளே போகிற காற்று எவ்வளவு என்று ஒன்று சொல்லும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று ஒன்று. எத்தனை சுற்று சுற்றுகிறது என்று ஒன்று. இயந்திரத்தைக் குளிர்விக்கிற தண்ணீரின் சூடு எவ்வளவு என்று ஒன்று. கம்பி வழியாக வருகிற இந்தச் சேதிகளை வைத்து, எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சுவது, எந்த நொடியில் தீப்பொறி வைப்பது, ரேடியேட்டர் ஃபேனை எப்போது ஓட்டுவது என்று அது உத்தரவு போடும். வேகத்தில் குறை சொல்லமுடியாது.

ஆனால் வந்த சேதி உண்மையா என்று எழுந்துபோய்ப் பார்க்க அதற்குக் கால் இல்லை. நடக்கவே முடியாத ஒன்றைச் சொன்னால் மட்டும் சந்தேகப்படும். கம்பி அறுந்துவிட்டது என்றோ, தண்ணீர் இருநூறு டிகிரி என்றோ சேதி வந்தால், டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் லைட்டைப் போட்டுவிட்டுத் தன் புத்தகத்தில் புகார் எழுதிவைக்கும். அடக்கமான பொய்யாக இருந்தால் நம்பும். நாள் முழுக்க அதே பொய்யைச் சொன்னாலும் சலிக்காமல் நம்பும்.

அனந்தபத்மநாபன் கோயம்புத்தூரில் பன்னிரண்டு நாள் கோர்ஸுக்குப் போனார். போகும்போது என்னை ராஜையண்ணா என்று கூப்பிட்டவர், திரும்பும்போது ராஜையா என்றார். கண்ணாடிச் சட்டம் போட்ட சர்ட்டிபிகேட் ஒன்றும், பாட்டுப் புத்தகம் அளவில் ஸ்கேனர் ஒன்றும் கொண்டுவந்தார். ஸ்கேனருக்கு ஏ.சி. அறை. அதற்குள் நுழைய வேண்டுமானால் செருப்பைக் கழற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை சந்தனப் பொட்டு. வண்டிக்குப் பெயர் பேஷண்ட். கோளாறுக்குப் பெயர் கேஸ். ஸ்கேனரைக் கம்ப்யூட்டரில் செருகினால் அதன் புகார்ப் புத்தகத்தில் உள்ளதைப் படித்துச் சொல்லும். வேறு எதுவும் செய்யாது. அதிகாரியிடமே போய் எல்லாம் சரியா என்று கேட்பது. சரி என்று அவர் சொன்னால் அதை அச்சடித்துக் கொடுப்பது. அச்சடிக்க ரெம்யா என்ற பெண் இருந்தாள். ‘நோ ஃபால்ட்’ என்று கடைசி வரி வந்தால் அந்தக் காகிதத்துக்கு லேமினேஷன் போட்டுக் கொடுப்பாள். சில பேர் அதைக் காரின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு போவார்கள்.

கையில் எடுக்காமலே ஊருக்குக் கேட்கும்படி பேசுகிற போன் ஒன்றையும் வாங்கினார். யார் கூப்பிட்டாலும் பொத்தானை அமுக்கிவிடுவார். காத்திருக்கிற கஸ்டமர்கள் எல்லோரும் டாக்டரின் ஆலோசனையைக் கேட்கவேண்டும் அல்லவா.

எனக்குச் சாம்பல் நிற யூனிபாரமும் தொப்பியும் கிடைத்தன. டயருக்குக் காற்று, பேட்டரிக்குத் தண்ணீர். ஒருநாள் பழக்க தோஷத்தில் புது வண்டி ஒன்றில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் காதை வைத்துவிட்டேன். அனந்தபத்மநாபன் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “ராஜையா, அது வேண்டாம் கேட்டோ. நான் தன்னே ஸ்டெதஸ்கோப்பு வைக்கல்ல, பின்னே உனக்கெந்தினு?”

இனி கல்யாணராமன் சார். கோட்டைக்குள் அக்ரகாரத்தில் குடியிருந்தார்; பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பதினைந்து வருஷம் தன் பழைய காரை என்னிடம்தான் கொண்டுவந்தார். நான் காதை வைத்திருக்கும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, “என்ன சொல்றது ஓய்?” என்று கேட்பார், ஏதோ உள்ளே சம்பந்தி பேசிக்கொண்டிருப்பது போல. அமெரிக்காவில் இருக்கிற மகன் புதுக் கார் வாங்கிக் கொடுத்தான். அதற்கு முதல் ‘நோ ஃபால்ட்’ கிடைத்த அன்று, லேமினேஷன் சூடு ஆறாத காகிதத்தால் விசிறிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்:

“ராஜையா, இனிமே உம்ம காதுக்கும் பென்ஷன்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள். ரெம்யா அதிகமாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கும் பிறகு நடந்ததற்கும் சம்பந்தம் உண்டு என்று யாராவது சொன்னால் அது தவறு. நான் தொழில்காரன். தொழிலுக்கு ஒரு நிரூபணம் தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

மோதி நொறுங்கி வந்த வண்டி ஒன்றிலிருந்து தண்ணீர்ச் சூடு சொல்கிற சென்சாரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். பால் சொசைட்டியில் வேலை பார்க்கிற மைத்துனனிடம் தெர்மாமீட்டர் வாங்கினேன். ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, சென்சாரை உள்ளே தொங்கவிட்டு, அதன் கம்பிகளை மீட்டரில் மாட்டினேன். சூடு ஏற ஏற, மின்சாரத்துக்கு அது காட்டுகிற தடை குறையும். கம்ப்யூட்டர் அந்தத் தடையை வைத்துத்தான் சூட்டை அறிகிறது. முப்பது டிகிரியில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஓம். எழுபத்தெட்டில் முந்நூற்று முப்பது. சர்ச் காலண்டரின் பின்புறம் ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தேன்.

என் மனைவி ரத்னாபாய் எட்டிப் பார்த்தாள். “இதென்னவாக்கும், ரசத்துக்கு இரும்பா?”

“கம்ப்யூட்டரு எப்பிடி நம்புதுன்னு பாக்கியேன்.”

“நீங்க சொல்லியத நானே நம்பமாட்டேன். அது நம்புமாக்கும்?”

நம்பும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சாலைக் கடைத்தெருவில் ரேடியோ சாமான் விற்கிற கடையில் முந்நூற்று முப்பது ஓம் ரெசிஸ்டர் கேட்டேன். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு. சென்சாரின் கம்பியை நறுக்கிவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தால், தண்ணீர் எழுபத்தெட்டு டிகிரி, எழுபத்தெட்டு டிகிரி என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். தொண்ணூற்றைந்து டிகிரி என்று சேதி வந்தால்தான் கம்ப்யூட்டர் ஃபேனை ஓட்டும். அந்தச் சேதி வரவே வராது. கல்யாணராமன் சாரின் காரில் டாஷ்போர்டு முள்ளும் இதே கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்டுத்தான் நகரும். தண்ணீர் கொதித்து ஆவியாகப் போனாலும் முள் நடுவிலேயே நிற்கும். மஞ்சள் லைட் எரியாது.

எந்த வண்டி என்பதில் நான் அவசரப்படவில்லை. எங்கள் போதகரின் வேனை யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை அதில் பிள்ளைகளை ஏற்றுவார், அதனால் விட்டுவிட்டேன். நான் கவனமான ஆள். கல்யாணராமன் சார் மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை மனைவி பாகீரதி அம்மாளையும் தயிர்சாதத்தையும் ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கிற போனக்காட்டுக்குப் போவார். நடக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். இவர் நடப்பதற்கு நல்ல காற்று உள்ள இடமாகப் பார்த்துக் காரில் போய்வந்தார். விதுரை தாண்டுகிறவரை ஓட்டத்தில் அடிக்கிற காற்றே இயந்திரத்துக்குப் போதும். அப்புறம் தேயிலை எஸ்டேட்டுக்கு ஏறுகிற உடைந்த ரோட்டில் முதல் கியரில் ஊர்வார். காற்று வராது. ஃபேன் ஓடியே ஆகவேண்டும். எந்த நாளில், எந்த இடத்தில் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய வண்டி அது ஒன்றுதான்.

வண்டி கொதிக்கும். நின்றுபோகும். அங்கிருந்து போன் வரும். முள் சரி, லைட் சரி, ரிப்போர்ட் சரி. வெள்ளைக் கோட்டு முழிக்கும். கட்டி இழுத்துக் கொண்டுவருவார்கள். ஸ்கேனரைச் செருகுவார்கள், அது எழுபத்தெட்டு என்று சொல்லும். அப்புறம் யாராவது ஒருவர், ராஜையன் எங்கே என்று கேட்பார். நான் தொப்பியைக் கழற்றிவிட்டு வருவேன். ஸ்க்ரூடிரைவரை ஊன்றி இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, ஃபேன் ஓடவில்லை என்பேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் திட்டம் இவ்வளவுதான். யாருக்கும் ஒரு கீறல்கூட விழாத ஏற்பாடு.

வியாழக்கிழமை வண்டி செக்கப்புக்கு வந்தது. காற்றடிக்க என்னிடம் விட்டார்கள். கம்ப்யூட்டர் இருப்பது இடது பக்கத்து டாஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால். பெட்டியைக் கழற்ற அதிலுள்ள சாமான்களை எடுத்து வெளியே வைக்க வேண்டியிருந்தது. ஒரு சீப்பு, விபூதிப் பொட்டலம், கண்ணாடிக் கூடு, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அடைத்த சின்ன டப்பா. மூன்று வருஷத்துக்கு முன்பு அவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது எனக்குத் தெரியும். நான் போய்ப் பார்த்திருக்கிறேன், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு. வேலை பத்து நிமிஷம். ரெசிஸ்டரின் ஈயப் பற்றவைப்பு கண்ணாடி போல மினுங்கியது. கறுப்பு டேப் சுற்றி, கம்பிக் கட்டுக்குள் செருகி, பெட்டியைப் பொருத்தினேன். சாமான்களை எடுத்த வரிசையிலேயே திரும்ப வைத்தேன். மாத்திரை டப்பாவை முன்பக்கம் வைத்தேன், கைக்கு எட்டும்படி.

பிறகு அனந்தபத்மநாபன் ஸ்கேன் செய்தார். வண்டி வந்து ஒரு மணி நேரம் நிறுத்திப் போட்டிருந்தது. ரேடியேட்டரைத் தொட்டால் கை சுடாது. ரிப்போர்ட் எழுபத்தெட்டு என்றது. அவர் தொட்டுப் பார்க்கவில்லை. ரெம்யா லேமினேஷன் போட்டாள்.

சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு முதல் போன். பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நான் வாசலிலேயே நின்றேன். ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். பொத்தானை அமுக்கியதும் கல்யாணராமன் சாரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“பத்மநாபன், எஸ்டேட் ஆபீஸ்லேருந்து பேசறேன். வண்டி வழியிலே நின்னுடுத்து. ஒரு கிலோமீட்டர் ஏறி வந்திருக்கேன், மூச்சு வாங்கறது. வண்டி முன்னாடி குபுகுபுன்னு ஆவி பறந்துது ஓய்.”

“சாமி, முள்ளு எவிட நிக்குது?”

“நடுவுலதான் நின்னுது.”

“மஞ்ச லைட்டு?”

“எரியலை.”

“பின்னே கொதிக்கல்ல. போனக்காடல்லே, அது மூடல்மஞ்சாயிருக்கும்.”

“மூடுபனியா? பானட்டுக்குள்ளேருந்தா?”

“சாமி பேடிக்க வேண்டாம். கம்ப்யூட்டருக்குத் தெற்றில்ல, தப்பே வராது. பத்து மினிட்டு கழிஞ்சு ஸ்டார்ட் பண்ணுங்க.”

லேமினேஷன் காகிதம் சடசடப்பது கேட்டது. பிறகு கல்யாணராமன் சார், “ஆமாம், ரிப்போர்ட்ல கூட எழுபத்தெட்டுன்னுதான் போட்டிருக்கு” என்றார். பெரிய உத்தியோகம் பார்த்தவர். ஆவியைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர். அவர் கையிலிருந்த காகிதத்தை நம்பினார். காத்திருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

பதினொன்று இருபதுக்கு இரண்டாவது போன்.

“சார், எஸ்டேட்டுல இருந்து மகாராஜா பேசுதேன்.”

“எந்த மகாராஜா?”

“பேரே அதுதான் சார். இங்க கொழுந்து எடை போடுதவன். அந்த ஐயா வண்டி ஆபீஸ் முத்தம் வரைக்கும் வந்து மறுபடியும் நின்னு போச்சு. ஐயா படியில உக்காந்து நெஞ்சத் தடவிக்கிட்டு இருக்காரு. வேர்த்து ஊத்துது. மாத்திரை ஒண்ணு வச்சாச்சு. இங்க வேற வண்டி கெடையாது, லாரி டவுனுக்குப் போயாச்சு. பஸ்ஸு ஒன்றரைக்குத்தான். எறக்கந்தானே சார், நியூட்ரல்ல போட்டு அப்படியே உருட்டி விதுரைக்கு எறக்கிரட்டுமா?”

“ஏய், அது செய்யக்கூடாது. கம்ப்யூட்டர் வண்டியாக்கும். ஆஃப் பண்ணி உருட்டினா சிஸ்டம் போகும், வாரன்டியும் போகும். லைட்டு எரியுதோ?”

“இல்ல சார்.”

“பின்னே வண்டிக்கு ஒண்ணுமில்ல. ஆளுக்குத்தான் கேடு. கொஞ்சம் தண்ணி கொடு, கிடத்து.”

உருட்டி இறக்கலாம். அந்த எடை போடுகிற ஆளுக்குப் புரிந்தது இந்தச் சர்ட்டிபிகேட்டுக்குப் புரியவில்லை. அதையும்விடச் சுலபமான வழி எனக்குத் தெரியும். ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பிவிட்டு, பேட்டரியிலிருந்து இரண்டு கம்பித்துண்டை நேராக ஃபேனுக்குக் கொடுத்தால் கம்ப்யூட்டரின் அனுமதி இல்லாமலே அது ஓடும். பத்து நிமிஷ வேலை. கம்பித்துண்டு எந்த எஸ்டேட்டிலும் கிடைக்கும்.

போனை வைத்ததும் அனந்தபத்மநாபன் என் பக்கம் ஒருமுறை பார்த்தார். ஏதோ கேட்கப்போகிறவர் போல வாய் திறந்தது. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். கோட்டின் பொத்தானைச் சரிசெய்துகொண்டு ஏ.சி. அறைக்குள் போய்விட்டார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்குச் சொல்வது தொழிலுக்கு மரியாதை இல்லை.

ஒன்றரை மணி பஸ் இரண்டேகாலுக்கு வந்தது. பின் சீட்டில் கிடத்திக் கொண்டுபோனார்கள். விதுரை ஆஸ்பத்திரியில் கீழே இறக்கும்போது, உயிர் போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது என்று சொன்னார்களாம். அதுவரை பாகீரதி அம்மாள் அவருக்கு விசிறிக்கொண்டே இருந்தாராம், அந்த லேமினேஷன் காகிதத்தால். திங்கட்கிழமை வண்டியைக் கட்டி இழுத்துவந்தபோது கூட வந்த மகாராஜா சொன்னான். அன்று மத்தியானமே நான் ரெசிஸ்டரை நறுக்கி எடுத்துவிட்டேன். வேலை முடிந்த இடத்தில் சாமான் கிடக்கக்கூடாது என்பது என் பழக்கம்.

அமெரிக்க மகன் புகார் கொடுத்ததும் நிபுணர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் டை கட்டியிருந்தார். இன்னொருவர், டை கட்டியவர் சொல்வதை எழுதிக்கொண்டார். ஸ்கேனரைச் செருகினார்கள். கம்பி அறுந்திருக்கிறது என்று அது இப்போது சொன்னது, ஏனென்றால் இப்போதுதான் அறுந்திருந்தது. டாஷ்போர்டைக் கழற்றி, நுனி வெட்டுப்பட்ட கம்பியைக் கண்டுபிடித்தார்கள். நான்கு பக்க ரிப்போர்ட் எழுதினார்கள். கம்பியை எலி கடித்துவிட்டதாம். எலியின் விஞ்ஞானப் பெயரும் அதில் போட்டிருக்கிறது.

அனந்தபத்மநாபனுக்கு என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு வாரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் வாசலில் புதுப் பலகை: ‘இங்கே கார்களுக்கு எலிப் பாதுகாப்புச் செய்து தரப்படும்.’ கம்பிவலை அடிக்கிறார்கள். லேமினேஷன் போட்ட எலி ரிப்போர்ட் தனியாக. வண்டிகள் ரோடு வரை வரிசை நிற்கின்றன. வலையை அறுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. இவ்வளவு நடந்தும், வண்டியைக் காதால் கேட்கவேண்டும் என்று ஒரு மனிதனுக்கும் தோன்றவில்லை.

நீங்கள் கேட்ட இரண்டு வரி என்னவென்றால், எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எலி உண்டு, நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்பது. எலி உண்டு சார். தாராளமாக உண்டு. ஆனால் எலி கம்பியைக் கடித்தால் கம்பி அறும். கம்பி அறுந்தால் கம்ப்யூட்டர் சந்தேகப்படும். சந்தேகம் வந்தால், எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனை முழு நேரமும் ஓட்டிவிடும். அப்படித்தான் அதைச் செய்துவைத்திருக்கிறார்கள். அதாவது எலி கடித்திருந்தால் கல்யாணராமன் சார் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வீடு வந்து சேர்ந்திருப்பார். இந்தச் சின்னக் கணக்குகூடப் போடத் தெரியாதவர்கள் நிபுணர்கள். அந்த மாதிரி ஒரு வேலையை எலியின் பெயரில் எழுதிக் கீழே என் கையெழுத்தையும் கேட்டால், இருபத்துநான்கு வருஷம் தொழில் செய்தவன் எப்படிப் போடுவான்? ரெசிஸ்டர் என் வீட்டில் சர்ச் காலண்டரின் ஆணியில், சின்னப் பிளாஸ்டிக் உறையில் தொங்குகிறது. எடுத்துக்கொள்ளுங்கள். பற்றவைப்பை யாராவது விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. எக்ஸ்சேஞ்சிலிருந்து பட்டியல் வாங்கியிருப்பீர்கள். அன்று எஸ்டேட்டிலிருந்து மூன்று அழைப்பு என்று அதில் இருக்கும். நான் இரண்டைத்தான் எழுதியிருக்கிறேன். பெயர்க்கும்போது ஓமனா மேடத்துக்குக் குழப்பம் வரக்கூடாது.

மூன்றாவது பன்னிரண்டரைக்கு வந்தது. அனந்தபத்மநாபன் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். காத்திருந்தவர்களும் கிளம்பிவிட்டார்கள். ரெம்யா பின்னால் குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். நான்தான் எடுத்தேன். பொத்தானை அமுக்கவில்லை, கையில் எடுத்தேன்.

“ராஜையன் இருக்காரோ? கொஞ்சம் அவரண்டை குடுங்கோ.”

“நான்தான் அம்மா.”

“நீங்களா, அப்பாடா. நான் பாகீரதி பேசறேன். இவர் உங்களைத்தான் கேக்கச் சொல்றார். அன்னிக்கு என்னமோ விளையாட்டாப் பேசிட்டேன், அவனை மனசுல வெச்சுக்கவேண்டாம்னு சொல்லுங்கறார். அவன் காதுக்குக் கேட்டுடும், போனை வண்டிகிட்டே பிடிங்கறார். அந்தப் பிள்ளை ஸ்டார்ட் பண்றான். கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கோ.”

ஜன்னல் வழியாக ரிசீவரை வெளியே நீட்டியிருக்க வேண்டும். மகாராஜா சாவியைத் திருப்பினான். நான் மறு காதை விரலால் அடைத்துக்கொண்டேன். நல்ல லைன் அன்று. வால்வுகள் காய்ந்து தட்டுவது கேட்டது. ரேடியேட்டரில் மிச்சமிருந்த தண்ணீர் கொப்புளிப்பது கேட்டது. ஃபேன் ஓடாதது கேட்டது. கொஞ்சம் தள்ளி, படியில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் மூச்சை இழுத்து இழுத்து விடுவதும் கேட்டது.

“கேக்கறதா ராஜையன்?”

“ஒண்ணும் கேக்கல்ல அம்மா. முதலாளி சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்கு வருவாரு. அவருகிட்ட கேளுங்க” என்றேன்.

ஒர்க்‌ஷாப்பில் அப்போது ஒரு ஆள்கூட இல்லை சார். நான் சரியாகச் சொல்லியிருந்தாலும் அது யாருக்குத் தெரிந்திருக்கும்?